எல்லா ஆடும் ஒட்டுக்கா...

பொட்டி தட்டுற மக்களுக்கு 'ஆன்-கால்'னா என்னன்னு சொல்லவே வேணாம். மத்தவங்களுக்காக: ராத்திரி எத்தனை மணிக்கு சர்வர் படுத்தாலும் போன் வரும், எந்திரிச்சு உக்காந்து ஆணி புடுங்கணும். எங்க டீம்ல ஆளுக்கு ஒரு வாரம்னு முறை போட்டு வெச்சிருக்கோம். அந்த ஒரு வாரத்துக்கே நாங்க பண்ற அலப்பறை தாங்காது. எங்க சித்தி பதினோரு வருஷமா, முறை மாத்திவிட ஆளே இல்லாம ஆன்-கால்ல இருந்தாங்க. சர்வருக்கு இல்ல, செம்மறி ஆட்டுக்கு.

ஆமா மக்களே, இந்தப் பதிவு முழுக்க ஆடுதான். அதுவும் ஆட்டோட கர்ப்பம். 'ஆரம்பிச்சுட்டான்யா'ன்னு விண்டோவை மூடிடாதீங்க, சொல்ல வேண்டிய விஷயம் இருக்கு.

சித்தி இருக்கிறது முத்தூர் பக்கம், திருப்பூர் மாவட்டம். காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர் சுத்துவட்டாரத்துல 'கொறங்காடு'ன்னு ஒண்ணு உண்டு. சுத்தி கிளுவை முள்ளு உயிர்வேலி, உள்ள கொழுக்கட்டைப் புல்லு, நடுவுல அங்கங்க வெள்வேல மரம். காலையில கடவைத் திறந்து ஆட்டை உள்ள விட்டா சாயங்காலம் வரைக்கும் அதுபாட்டுக்கு மேயும். கோலை எடுத்துட்டு பின்னாடியே அலைய வேண்டியதில்ல. அதனால ஆடு வளக்கிறது சுலபம்னு வெளியில இருந்து பாக்கிறவங்களுக்குத் தோணும். எனக்கும் சின்ன வயசுல அப்படித்தான் தோணுச்சு, லீவுக்குப் போனா வேலங்கா பொறுக்கிப் போடுறதோட நம்ம வேலை முடிஞ்சுது.

கஷ்டம் குட்டி போடுறதுல இருக்கு. சித்திகிட்ட இருக்கிறது மேச்சேரி ஆடு. இளம் பழுப்பு நிறம், கெடாவுக்கும் கொம்பு இருக்காது, கம்பளி ரோமம் கிடையாது. கறிக்கும் தோலுக்கும் பேர் போனது. பெரும்பாலும் ஒத்தக் குட்டிதான். இங்கிலாந்து மாதிரி குளிர் நாட்டுல செம்மறி பகல் பொழுது குறையிற காலத்துல மட்டும் பருவத்துக்கு வரும், எல்லாமே வசந்தத்துல குட்டி போடும். நம்ம ஊர் ஆட்டுக்கு அப்படிக் காலக் கணக்கு கிடையாது. வருஷம் பூரா கெடா மந்தையிலயே நிக்கும், வருஷம் பூரா ஏதாவது ஒண்ணு சினை புடிக்கும், வருஷம் பூரா ஏதாவது ஒண்ணு இன்னைக்கோ நாளைக்கோன்னு நிக்கும். சினைக்காலம் சுமாரா 150 நாள். ஆனா எந்த ஆடு என்னைக்கு சேந்துச்சுன்னு யாரு குறிச்சு வெக்கிறா?

சித்தப்பா லாரி ஓட்டுறவர். மாசத்துல இருபது நாள் வடக்கேதான். ராத்திரி பட்டியில சத்தம் கேட்டா சித்திதான் டார்ச்சை எடுத்துட்டுப் போகணும். குட்டி கால் மடங்கி நின்னா இழுத்து விடணும், மூக்குல இருக்கிற சவ்வை வழிச்சு விடணும், தொப்புள்கொடிக்கு அயோடின் தடவணும், சீம்பால் குடிக்க வெக்கணும். இது போதாதுன்னு 2024, 2025-ல காங்கேயம், வெள்ளகோவில், சென்னிமலைப் பக்கமெல்லாம் தெருநாய்ங்க பட்டிக்குள்ள பூந்து ஆட்டைக் கடிச்சுக் கொன்னது செய்தியில பாத்திருப்பீங்க, விவசாயிங்க இழப்பீடு கேட்டு ரோட்டுல உக்காந்தாங்க. அதுக்கப்புறம் சித்தி ராத்திரியில வீட்டை விட்டு வெளிய தங்கறதையே விட்டுட்டாங்க. கல்யாணத்துக்குப் போனா முகூர்த்தம் முடிஞ்சதும் பஸ் ஏறிடுவாங்க.

இதுல ரெண்டு கண்ணுலயும் புரை. ஆபரேஷன் பண்ணிக்கங்கன்னு சொல்லி ரெண்டு வருஷம் ஆச்சு. ஆபரேஷன் அரை மணி நேர வேலைதான், ஆனா அதுக்கப்புறம் சில வாரம் குனியக்கூடாது, கனம் தூக்கக்கூடாது, கண்ணுல தூசி படக்கூடாது. பட்டியில குட்டி எடுக்கிறதுன்னா இந்த மூணும் சேந்ததுதான். 'இந்த நாலு ஆடு போட்டு முடிக்கட்டும் கண்ணு'ன்னு சொல்லுவாங்க. அந்த நாலு முடியறப்போ அடுத்த நாலு மடி விட்டுட்டு நிக்கும்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

2024 கடைசியில அந்தப் பக்கம் செம்மறிக்கு சினை ஊசி போட்டுப் பாக்கலாம்னு ஒரு கால்நடை டாக்டர் ஆடு வெச்சிருக்கிறவங்ககிட்ட பேசிட்டிருந்தார். பேரு வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. மாட்டுக்கு சினை ஊசி போடுறது நம்ம எல்லா ஊர்லயும் இருக்கு. ஆட்டுக்கு ஏன் அந்த அளவுக்கு இல்லன்னு கேட்டேன். மனுஷன் ஒரு மணி நேரம் கிளாஸ் எடுத்தார். எனக்குப் புரிஞ்சதை எழுதறேன், கால்நடை படிச்ச பதிவர்கள் யாராவது இருந்தா பின்னூட்டத்துல வாங்க.

மொதல் சிக்கல், செம்மறி எதையும் வெளிய காட்டாது. மாடு பருவத்துக்கு வந்தா கத்தி ஊரைக் கூட்டும். வெள்ளாடு வாலை ஆட்டிட்டே கத்திட்டு நிக்கும். செம்மறி இருக்கே, கெடா பக்கத்துல வந்தா மட்டும் ஓடாம நின்னு குடுக்கும், அவ்வளவுதான். கெடா இல்லேன்னா நமக்கு ஒரு அடையாளமும் தெரியாது. 17 நாளைக்கு ஒருக்கா வர்ற பருவம், இருக்கிறது ஒண்ணு ஒண்ணரை நாள். அதைக் கண்டுபிடிக்கறதுக்கே நாள் குடும்பக் கட்டுப்பாடு பண்ணின கெடாவையோ, வயித்துக்குக் கீழ சாக்குத்துணி கட்டின கெடாவையோ மந்தைக்குள்ள விடணும். (கெடாவுக்குக் கோவணம்! சித்தி இதுக்கு சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுல இருக்கு.) நெஞ்சுல சாயம் பூசி விடுவாங்களாம். எந்த ஆட்டு முதுகுல சாயம் ஒட்டியிருக்கோ அது பருவத்துல இருக்குன்னு அர்த்தம்.

ரெண்டாவது சிக்கல் உடம்பமைப்பு. மாட்டுக்கு டாக்டர் ஆசனவாய் வழியா கையை விட்டு கருப்பை வாயைப் பிடிச்சுக்கிட்டு, ஊசிக் குழாயை அது வழியா உள்ள கொண்டு போயிடுவார். செம்மறிக்குக் கை போகாது. கருப்பை வாயிலயும் வளையம் வளையமா மடிப்பு, ஒரு மடிப்போட ஓட்டை அடுத்த மடிப்போட ஓட்டைக்கு நேரா இருக்காது. அதனால வாசல்லயே வெச்சிட்டு வர வேண்டியதுதான். அப்பவே எடுத்த விந்துன்னா அதுவே நீந்திப் போயிடும். உறைய வெச்சு உருக்கின விந்துக்கு அந்தத் தெம்பு இருக்காது, ஆயுசும் கம்மி, வாசல்ல வெச்சா பாதி வழியில முடிஞ்சிடும். அதுக்காக ஆஸ்திரேலியாவுல 1980-களோட ஆரம்பத்துல ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. ஆட்டைத் தலைகீழாச் சாய்ச்சு, வயித்துல சின்னதா ரெண்டு துளை போட்டு, லேப்ராஸ்கோப் வழியாப் பாத்து நேரா கருப்பைக் கொம்புலயே போடுறது. நல்லா சினை புடிக்கும், ஆனா சாமானும் கைப்பழக்கமும் வேணும். நார்வேக்காரங்க கதை வேற. அவங்க ஊர் ஆட்டுக்கு மட்டும் உறைவிந்தை சும்மா உள்ள விட்டாலே நல்லா புடிக்குதாம், விவசாயியே போட்டுக்கறார். சில ஆட்டுக்கு அப்படி ஒரு கொடுப்பினை.

இந்த இடத்துல ஒரு சின்ன விலகல், சொல்லலேன்னா தலை வெடிச்சிடும். சிட்னி பல்கலைக்கழகத்துல 1968-ல உறைய வெச்ச மெரினோ கெடா விந்தை அம்பது வருஷம் கழிச்சு எடுத்து 56 ஆட்டுக்குப் போட்டாங்க, 34 ஆடு சினை. 2019-ல அறிவிச்சாங்க. புதுசா உறைய வெச்ச விந்துக்கு வர்ற அதே அளவு பலன். நாம எடுத்த பேக்கப் ஆறு மாசம் கழிச்சுத் திறந்தா கரப்ட் ஆகிக் கிடக்குது :-(

இப்ப மெயின் மேட்டர். எல்லா ஆட்டையும் ஒரே நாள் பருவத்துக்குக் கொண்டு வர்றது. கொங்குல 'ஒட்டுக்கா'ன்னு ஒரு வார்த்தை உண்டு, எல்லாம் சேந்து ஒரே நேரத்துலன்னு அர்த்தம். டாக்டர் 'சிங்க்ரனைசேஷன்'னு ரெண்டு தடவை சொன்னார், சித்தி முழிச்சாங்க. நான் 'எல்லா ஆட்டையும் ஒட்டுக்காப் பருவத்துக்குக் கொண்டாறது சித்தி'ன்னேன். பட்டுனு புரிஞ்சுடுச்சு.

அது வேலை செய்யறது இப்படி. முட்டை வெளிவந்த பிறகு சினைப்பையில அந்த இடத்துல மஞ்சளா ஒரு திரள் உருவாகும். அது புரோஜெஸ்டிரான் சுரக்கும். அந்த ஹார்மோன் இருக்கிற வரைக்கும் மூளைக்கு 'இப்ப வேணாம், பொறு'ன்னு சேதி போயிட்டே இருக்கும். சினை புடிக்கலேன்னா ரெண்டு வாரம் சுமாருக்குக் கருப்பையே புராஸ்டகிளாண்டின் அனுப்பி அந்தத் திரளைக் கரைச்சிடும். பொறுங்கிற சேதி நின்னதும் ரெண்டு மூணு நாள்ல அடுத்த பருவம். ஒவ்வொரு ஆடும் இந்த 17 நாள்ல ஒவ்வொரு இடத்துல நிக்குது. அதுக்கு, புரோஜெஸ்டிரான் மாதிரி மருந்து ஊற வெச்ச பஞ்சு ஒண்ணை எல்லா ஆட்டுக்கும் ஒரே நாள்ல உள்ள வெச்சிடறது. 12-லிருந்து 14 நாள். அதுக்குள்ள ஒவ்வொண்ணோட சொந்தத் திரளும் அதது நேரத்துல கரைஞ்சு போயிருக்கும், ஆனா பஞ்சு 'பொறு'ன்னு சொல்லிட்டே இருக்கிறதால யாரும் பருவத்துக்கு வர மாட்டாங்க. எல்லா திரெட்டும் ஒரே லாக்குக்காகக் காத்துக்கிடக்கிற மாதிரி. பஞ்சை ஒரே நேரத்துல உருவினா லாக் ரிலீஸ். ரெண்டு நாள்ல எல்லாம் ஒட்டுக்கா.

இதையும் கண்டுபிடிச்சது சிட்னிலதான், டி.ஜே. ராபின்சன்னு ஒரு பேராசிரியர், 1964-ல எழுதினார். நியூசிலாந்துக்காரங்க பஞ்சுக்குப் பதிலா சிலிக்கான்ல பண்ணினாங்க. நம்ம நாட்டுல ராஜஸ்தான் அவிகாநகர்ல இருக்கிற மத்திய செம்மறி ஆராய்ச்சி நிறுவனம் சொந்தமாவே பஞ்சு தயாரிச்சிருக்கு. பஞ்சே இல்லாம புராஸ்டகிளாண்டின் ஊசியைப் பத்துப் பதினோரு நாள் இடைவெளியில ரெண்டு தடவை போடுற முறையும் இருக்கு. ஆனா தெரியாம சினை ஆட்டுக்குப் போட்டுட்டா கரு கலைஞ்சிடலாம். போடுற ஆளு கர்ப்பிணியாவோ ஆஸ்துமாக்காரராவோ இருந்தா அந்த மருந்தைத் தொடவே கூடாது, தோல் வழியா உள்ள போயிடும். டாக்டர் பஞ்சு பக்கம்தான் நின்னார்.

ஒட்டுக்காப் பருவத்துக்கு வந்தா கெடா பத்தாது, அதுதான் சினை ஊசி தேவைப்படுற இடம். சாதாரணமா முப்பது நாப்பது ஆட்டுக்கு ஒரு கெடா போதும், ஏன்னா ஒரு நாளைக்கு ஒண்ணு ரெண்டுதான் பருவத்துக்கு வரும். முப்பதும் ஒரே நாள்ல வந்தா பத்து ஆட்டுக்கு ஒரு கெடாவாவது வேணும். ஊசி முறையில ஒரு கெடாகிட்ட ஒரு தடவை எடுக்கிற ஒரு மில்லி சொச்சத்தை நீர்க்கப் பண்ணிப் பத்துப் பதினஞ்சு ஆட்டுக்குப் போட்டுடலாம்.

டாக்டர் சித்திகிட்ட பேசினது முழுக்க இனத்தோட தரம் பத்தித்தான். நல்ல கெடாவோட வாரிசு, எடை கூடும், ஒரே அளவுல குட்டி வரும், வியாபாரி ஒரே லோடா எடுப்பார். சித்தி எல்லாத்தையும் கேட்டுட்டு, "தரமெல்லாம் இருக்கட்டுங் டாக்டரு. ஊசி போட்டுட்டா அஞ்சு மாசத்துக்கு ஒண்ணும் குட்டி போடாதுங்ளா? அதச் சொல்லுங்க"ன்னாங்க.

அவர் ஒரு நிமிஷம் முழிச்சார். "போடாதும்மா. அஞ்சு மாசம் கழிச்சு எல்லாம் ஒரே வாரத்துல போடும்."

"அப்ப எனக்கும் ஒரு நாள் குறிச்சுக்கலாமுங்ளா, கண்ணுக்கு?"

இதைப் பத்தின கட்டுரைகளை அப்புறம் தேடித்தேடிப் படிச்சேன். மரபுத் தரம், உற்பத்தித் திறன், சந்தைன்னு பக்கம் பக்கமா இருந்துச்சு. ஆடு வளக்கிற ஆளுக்கு லீவு கிடைக்கும்னு நான் படிச்ச ஒண்ணுலயும் இல்ல. என்னைக் கேட்டா மொதல் பக்கத்துல போட வேண்டியது அதுதான்.

சித்தப்பா ஒத்துக்கலை. அவர் சொன்னதுலயும் நியாயம் இருந்துச்சு. வருஷம் பூரா குட்டி போடுறதால மாசம் ரெண்டு மூணு உருப்படி கன்னிவாடி சந்தைக்குப் போகும். மளிகை, சீட்டு, மருந்து எல்லாம் அதுல ஓடும். ஆடுதான் அவங்க ஏ.டி.எம். ஒட்டுக்காப் போட்டா பணமும் ஒட்டுக்காத்தான் வரும், நடுவுல ஆறேழு மாசம் கை காஞ்சிடும். அதுவும் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி மந்தையில சினை ஆடே இருக்கக்கூடாதுன்னா கெடாவை அஞ்சு மாசம் தனியாப் பிரிக்கணும். அத்தனை மாசக் குட்டி நட்டம். ரெண்டு நாள் வீட்டுல பேச்சு வார்த்தை இல்ல. கடைசியில சித்தி சீட்டை ஏலத்துல எடுத்து கையில வெச்சுக்கிட்டு, "இது ஒரு வருசத்துக்கு ஆவும்"னாங்க. சித்தப்பா லாரி சாவியை எடுத்துட்டு நாக்பூர் போயிட்டார். அதுக்கு சரின்னு அர்த்தம்.

2025 தை மாசம் கெடாவைப் பிரிச்சு மூலனூர்ல சித்தியோட தம்பி காட்டுக்குக் கொண்டு போயாச்சு. நாள் குறிக்கிறதுலதான் டாக்டரும் சித்தியும் நல்லா ஒத்துப் போனாங்க. டாக்டர் ஊசி நாள்ல இருந்து முன்னாடி கணக்குப் போடுவார், சித்தி குட்டி விழற நாள்ல இருந்து பின்னாடி கணக்குப் போடுவாங்க. ஐப்பசி அடைமழையில குட்டி விழக்கூடாது, நனைஞ்ச குட்டி விறைச்சுப் போயிடும். மழை நின்னு கொறங்காடு பச்சையா இருக்கிற கார்த்திகை நடுவுலன்னா தாய்க்குப் பால் இருக்கும், குட்டி ஒரு மாசத்துல புல்லைக் கடிக்கும். கார்த்திகையில இருந்து 150 நாள் பின்னால போனா ஆனி. ஜூலை 3, வியாழக்கிழமை.

34 ஆடு. ஸ்கேன்ல ரெண்டு சினைன்னு தெரிஞ்சுது. (பக்கத்துக் காட்டுக் கெடா வேலி தாண்டியிருக்கு. காதல்!) நாலு ரொம்ப மெலிவுன்னு டாக்டர் ஒதுக்கிட்டார், ஒட்டின வயித்துக்கு ஊசி போட்டுப் பிரயோஜனமில்லையாம். மீதி 28-க்கு ஜூன் 19-ந் தேதி பஞ்சு வெச்சாங்க. வழவழப்பான குழாய்ல பஞ்சை வெச்சு உள்ள தள்ளி, நூல் மட்டும் வெளிய தொங்கும். அந்த நூலைப் பக்கத்து ஆடு கடிச்சு இழுக்கும்னு குட்டையா வெட்டி விட்டாங்க, அப்படியும் ஒண்ணோடது எங்கேயோ விழுந்துடுச்சு. அந்தப் பன்னெண்டு நாளும் சித்தி ஆளுக்குக் கொஞ்சம் கம்பும் மக்காச்சோளமும் வெச்சாங்க, சேர்க்கைக்கு முன்னாடி தீனி ஏத்தினா முட்டை நல்லா வரும்னு டாக்டர் சொன்னது.

ஜூலை 1 காலையில உருவினாங்க. நாத்தம்னா நாத்தம், அது சகஜந்தானாம். கூடவே பி.எம்.எஸ்.ஜி-ன்னு ஒரு ஊசி, முட்டை வர்றதை உறுதி பண்ண. அளவு கூடினா மூணு நாலு குட்டி வந்துடும், செம்மறிக்கு இருக்கிறது ரெண்டு காம்பு, அதனால கம்மியாத்தான் போட்டார். அந்த மருந்து சினைக் குதிரையோட ரத்தத்துல இருந்து எடுக்கிறதுன்னு ராத்திரி தேடிப் படிச்சேன். ஐஸ்லாந்து, அர்ஜென்டினா, உருகுவேன்னு சில நாட்டுல இதுக்குன்னே குதிரை வெச்சு ரத்தம் எடுக்கிறாங்க, அதைக் கண்டிச்சு இயக்கமெல்லாம் நடக்குது. சித்திகிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் பேசலை. "அதுவும் சினையா இருக்கறப்பவா?"ன்னு மட்டும் கேட்டாங்க.

மூணாம் தேதி நான் லீவு போட்டுட்டுப் போயிருந்தேன். காலையில டாக்டர் ரெண்டு நல்ல கெடாவோட வேன்ல வந்து இறங்கினார். ரப்பர் குழாய்க்குள்ள சுடுதண்ணி ஊத்தி, கெடா ஏமாந்து தாவுற நேரத்துல அதைப் பிடிச்சு... விவரம் வேண்டாம், குடும்பப் பதிவு :-). கயித்துக் கட்டில்ல மைக்ராஸ்கோப், பக்கத்துல ஃபிளாஸ்க். நீர்க்கப் பண்ற திரவத்துல கலக்கிறது என்னன்னு நினைக்கறீங்க? முட்டை மஞ்சக்கரு! குளிர்ச்சி தாக்காம காப்பாத்துமாம். மைக்ராஸ்கோப்ல என்னையும் பாக்க விட்டார். சந்தைக் கூட்டத்தை மேல இருந்து பாத்த மாதிரி ஒரே அலை. "இப்படி அலையடிக்கணும், அடிக்கலேன்னா கீழ ஊத்திடுவேன்"ன்னார். சித்திரை வெயில்ல கெடா காஞ்சிருந்தா அது ஆனியில தெரியும்னும் சொன்னார், விந்து உருவாக ஏழு வாரம் ஆகுதாம். அதனாலதான் அவர் கெடாவை ரெண்டு மாசமா நிழல்லயே வெச்சிருந்தாராம்.

மத்தியானம் பன்னெண்டுக்கு ஆரம்பிச்சது. ரெண்டு பசங்க ஆட்டோட பின்னங்காலைத் தூக்கிப் படல் மேல சாத்திப் பிடிக்க, டாக்டர் லைட் வெச்ச கருவியால பாத்து, கருப்பை வாய்ல சொட்டு மருந்து அளவு விட்டார். ஒரு ஆட்டுக்கு ரெண்டு நிமிஷம். 27-ல 25 பருவத்துக்கு வந்திருந்துச்சு, அத்தனைக்கும் போட்டாச்சு. சித்தி ஒவ்வொண்ணையும் பேர் சொல்லித்தான் கூட்டிட்டு வந்தாங்க. கடைசி ஆடு முடிஞ்சதும் மோர் குடுத்தாங்க. நான் கையை மூணு தடவை கழுவிட்டுத்தான் வாங்கினேன்.

பதினாலாம் நாள் கெடாவை உள்ள விட்டாங்க, கூடவே இரவல் கெடா ரெண்டு. ஊசியில தங்காததெல்லாம் பதினேழாம் நாள் மறுபடி பருவத்துக்கு வருமே, அதுவும் ஏறக்குறைய ஒட்டுக்காவே வரும். ஆடி முடியறதுக்குள்ள கெடா மறுபடி மூலனூர் போயிடுச்சு. நாப்பத்தஞ்சாம் நாள் ஸ்கேன்ல ஊசிக்குத் தங்கினது 13. பாதிதான். 'ப்ச்'னு எனக்கு. புது விந்துல வாசல்ல போட்டதுக்கு இது நல்ல பலன்னு டாக்டர் சொன்னார். சித்தி அதைக் கேட்டுக்கவே இல்ல, அவங்க ஆஸ்பத்திரி பையை எடுத்து வெச்சிட்டிருந்தாங்க.

ஆவணியில இடது கண்ணு ஆபரேஷன். மூணு வாரம் மக வீட்டுல கோயமுத்தூர்ல. பட்டியைத் தம்பி பொண்டாட்டி பாத்துக்கிட்டாங்க, கடவைத் திறந்து மூடுறது, தண்ணி வெக்கிறது, அவ்வளவுதான் வேலை. அந்த வேலி தாண்டிய கேஸ் ரெண்டும் அதுக்குள்ள போட்டுத் தொலைச்சுது, சித்தி போன்லயே பிரசவம் பாத்தாங்க.

கார்த்திகைதான் பரீட்சை. நவம்பர் 27-ந் தேதி ராத்திரி மொதல் குட்டி. அஞ்சு நாள்ல 13 ஆடு, 15 குட்டி. நான் ரெண்டு நாள் இருந்தேன், ரெண்டு நாளும் யாரும் தூங்கலை. ஒரே நேரத்துல மூணு ஆடு முக்குது, எது எதோட குட்டின்னு குழப்பம், ஒரு தாய் அடுத்ததோட குட்டியை நக்கிட்டு தன்னோடதை முட்டித் தள்ளுது. ரெட்டைக் குட்டியில நோஞ்சானா இருந்த ஒண்ணு போயிடுச்சு. சித்தப்பா லோடு ஏத்தாம வீட்டுலயே இருந்தார், நான் பாத்த வரைக்கும் அவர் குட்டி எடுத்தது அதுதான் மொத தடவை. கால் மடங்கின குட்டி ஒண்ணை இழுக்கத் தெரியாம நின்னப்போ, சித்தி டார்ச் இல்லாமலே பாத்து, "இடது கால் உள்ள மடங்கியிருக்கு பாருங்க"ன்னாங்க. ரெண்டு வாரம் கழிச்சு கெடாவுக்குச் சேந்த 11 ஆடு போட்டுச்சு. பஞ்சைத் தொலைச்ச ஆடு மட்டும் தனி ரூட்ல பொங்கலுக்கு ஒண்ணு போட்டுச்சு. எல்லாக் குட்டியும் ஒரே வயசுங்கறதால ஒரே அடைப்புல ராத்திரி பூட்டி வெக்க முடிஞ்சுது, நாய் பயம் பாதி குறைஞ்சுது. மாசிக் கடைசியில வியாபாரி வண்டியோட வீட்டுக்கே வந்து கெடாக்குட்டி அத்தனையும் ஒரே லோடா எடுத்தார். சந்தைக்குக் கொண்டு போற செலவு மிச்சம், விலையிலயும் சித்தப்பாவால நின்னு பேச முடிஞ்சுது.

வலது கண்ணு பாக்கி இருக்கு. அதுக்கு வர்ற ஆவணி. ஆனா இந்தத் தடவை பஞ்சும் வேண்டாம், குதிரை ஊசியும் வேண்டாம்னு சித்தி சொல்லிட்டாங்க. டாக்டரே ஒரு வழி சொல்லியிருக்கார். கெடாவோட வாடையே படாம ஒரு மாசத்துக்கு மேல பிரிச்சு வெச்சு, திடீர்னு உள்ள விட்டா, பருவம் நின்னு போயிருக்கிற ஆடுகளுக்கு ரெண்டு மூணு நாள்லயே முட்டை வரும். மொதல் தடவை வெளிய தெரியாது, பதினெட்டாம் நாள் வாக்குல ஒரு கூட்டம், இருபத்தி நாலாம் நாள் வாக்குல இன்னொரு கூட்டம்னு கெடாவுக்கு நிக்கும். 1944-லயே மேற்கு ஆஸ்திரேலியாவுல எழுதி வெச்ச விஷயம். ஏற்கனவே சுழற்சியில இருக்கிற ஆட்டுகிட்ட இது பெருசா எடுபடாது. அதனால என்ன, கெடாவை உள்ள விட்டு நாப்பதாம் நாள் வெளிய எடுத்துட்டா எப்படியும் குட்டியெல்லாம் ஒரு மண்டலத்துக்குள்ள விழுந்துடும்ங்கிறது சித்தியோட கணக்கு. ஒரு வாரத்துக்கு ஒரு மண்டலம் எவ்வளவோ தேவலைங்கறாங்க, கார்த்திகையில பட்ட பாடு அப்படி.

கெடா இப்ப மூலனூர்லதான் இருக்கு. ஆனி பொறந்ததும் சித்தப்பாவே லாரியில ஏத்திட்டு வர்றதா ஏற்பாடு.